மேசைமேல் ஓடிய சாக்கடை

உலகத்திலேயே மிகச் சுத்தமான நகரம் எங்கள் நகரசபையின் கூட்ட அறையில் இருக்கிறது. ஒரு மேசை நீளம். தேக்குச் சட்டம், சுண்ணாம்புச் சாந்து வீடுகள், தகரச் சாக்கடை. எந்தப் பேரரசும் தன் குடிமக்களுக்கு இப்படியொரு நகரத்தைக் கட்டித் தந்ததில்லை. குடியேறத்தான் முடியாது.

நான் சபையின் மொழிபெயர்ப்பாளன். துரைமார் பேசுவதை ஜனங்களுக்கும், ஜனங்கள் அழுவதைத் துரைமாருக்கும் சொல்வது என் வேலை. வீடு கிடங்குத் தெருவில். போன மழையில் சாக்கடை பொங்கிக் கிணற்றில் கலந்தது. என் மனைவி பேதியில் போனாள். கைக்குழந்தையை மாமியார் வளர்த்தார், அதே கிணற்றுத் தண்ணீரில்.

மேலிடம் கருணை காட்டியது. தெருவுக்கு மூடிய சாக்கடை கட்டப் பணம் அனுப்பியது. சபை அவசரப்படவில்லை. தோண்டுவதற்கு முன் திட்டமிட வேண்டும். திட்டமிடுவதற்கு முன் பார்க்க வேண்டும். பார்க்க ஒரு ‘மாதிரி’ வேண்டும். மேசைமேல் மாதிரி நகரம் வந்தது. பணம் தீர்ந்தது.

சபையில் நம்மவர் ஒருவர் உண்டு. வக்கீல். ‘மக்களின் குரல்’ என்று துரைமாரே அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள்.

“சாக்கடைப் பணம் எங்க போச்சு? எனக்குத் தெரிஞ்சாகணும்!” என்று மேசையைக் குத்தினார். நகரத்தில் இரண்டு வீடுகள் சாய்ந்தன.

உடனே ‘பொதுச் செலவு மேற்பார்வைக் குழு’ பிறந்தது. வக்கீலே அதன் தலைவர். சோதனை நாளன்று பொறியாளர் துரை கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினார். அது தெருத் தெருவாக ஓடிப் பித்தளைப் பாத்திரத்தில் விழுந்தது. வக்கீல் சாக்கடைக்குள் சுண்டுவிரலை விட்டு முகர்ந்து பார்த்தார்.

“நாத்தமே இல்ல! செலவு நியாயம்தான்.”

கைதட்டல் அடங்குமுன் என் மாமியார் இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்துவிட்டார்.

“மழைக்கு முன்னாடி சாக்கடையக் கட்டித் தரச் சொல்லுங்க மாப்பிள்ளை. பெத்த பொண்ணைத்தான் பறிகுடுத்துட்டேன். இதையாவது காப்பாத்தணும்.”

சொன்னேன். “அம்மையாருக்கு அவர் தெருவைக் காட்டு,” என்றார் சபைத் தலைவர் துரை.

“அத்தை, இதுதான் நம்ம தெரு.”

“எது, இந்தத் தீப்பெட்டி வரிசையா? சாக்கடைக்கு மூடியெல்லாம் போட்டிருக்கே! கெணறு எங்க?”

“அங்க, தெருக் கோடியில. பக்கத்துல இருந்தா அழகா இல்லைன்னு நகத்திட்டாங்க.”

“அடேயப்பா, கெணத்தையே நகத்திட்டாங்களா! அப்ப இனிமே இதுலயே தண்ணி சேந்திக்கறேன். என் குடம் உள்ள போகுமான்னு மட்டும் துரைகிட்ட கேளுங்க.”

கிணற்றின் அகலம் போதாது என்று அம்மையார் கருதுவதாக மொழிபெயர்த்தேன். வேலை போகாமல் மொழிபெயர்ப்பது ஒரு கலை.

சபை சிலிர்த்தது. எவ்வளவு நுட்பமான கேள்வி! கிணற்றை அகலப்படுத்தக் கூடுதல் தொகை வேண்டும் என்றார் பொறியாளர். குழு பார்க்காமல் ஒரு தம்பிடி நகராது என்று முழங்கினார் வக்கீல். குழு பார்த்தது. தொகை நகர்ந்தது.

“என்ன சொல்றாங்க மாப்பிள்ளை?”

“கெணத்தப் பெருசு பண்றாங்களாம்.”

“எங்க?”

நான் மேசையைக் காட்டினேன். அத்தை குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

மழைக்குச் சபை நடைமுறை தெரியாது. முன்கூட்டியே வந்துவிட்டது. குழந்தை அதிக நாள் தாங்கவில்லை.

நான் வேலைக்குத் திரும்பியபோது சபை எழுந்து நின்று மௌனம் காத்தது. தலைவர் துரை இளகிய மனம் படைத்தவர். மாதிரியில் எங்கள் வீட்டு வாசலில், குழந்தையின் நினைவாக, விரல் உயரத்தில் ஒரு பொம்மை வைக்கலாம் என்றார். வக்கீல் எதிர்த்து எழுந்தார். பேசி முடித்ததும் என் அருகே வந்து தோளைத் தொட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

“தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. எனக்கும் புள்ளைங்க இருக்கு. ஆனா இந்த நகரத் திட்டத்துல மனுஷங்களுக்குன்னு ஒரு காசுகூட ஒதுக்கல. நான் எப்படி விடறது?”

அந்த அறையில் நான் கேட்ட உண்மை அது ஒன்றுதான்.