பர்ஸ்ட் ஷிப்ட் கடைசியில் ஏற்றிய ஆள்

பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, பால் காய்ச்சி, முந்தைய நாள் டைரியை ஒருமுறை படித்துப் பிழை திருத்தி, ஆண்டர்சன்பேட்டைக் கடையின் சாவியை மனைவியிடம் கொடுத்தேன். கதவைத் திறந்தால் வாசலில் பர்ஸ்ட் ஷிப்ட் நிற்கிறார்.

"இன்னா தம்பி, கோர்ட்டுக்குப் போற ஆளா நீ? ஜட்ஜே உனக்கு முன்னால எழுந்துருவாரு போலகீது!"

கோலார் தங்கவயலில் தாமதம் என்றால் என்னவென்று தெரியாமலே எழுபது வயதைத் தாண்டியவர் இவர் ஒருவர்தான். சுரங்கம் மூடும்வரை அதன் வாயில் நின்று, ஆட்களைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏற்றி, மணியடித்துப் பாதாளத்துக்கு அனுப்பியவர். முதல் ஷிப்ட்டைத் தவிர வேறு ஷிப்ட் பார்த்ததில்லை; அதனால் ஊருக்கே அவர் பர்ஸ்ட் ஷிப்ட். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்துக்குப் போனால் பந்தல்காரருக்குக் கயிறு பிடித்துக் கொடுப்பார். ஒருமுறை ஊரிகத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, மாலையோடு போய் நின்றார். படுத்திருந்தவர் கோபத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கும் திடமாக இருக்கிறார்; இவரோடு மட்டும் பேசுவதில்லை. "டாக்டருங்க எல்லாம் கைய விரிச்சாங்க. எழுப்பி விட்டது நானு," என்பது இவர் கட்சி.

அப்படிப்பட்டவர் என்பதால்தான் என் மகள் டாக்டர் கவிதாவுக்குத் துணையாக அவரை அனுப்பினேன். சில வாரங்களுக்கு முன், நெஞ்சு நோய் மேற்படிப்புக்குக் கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. கல்லூரி மாநிலத்தின் வடகோடியில், ஓர் இரவுப் பயணம். சேர்வதற்குக் கெடு மறுநாள் மாலை. எனக்கோ காய்ச்சல். இருவரும் அன்றிரவே கிளம்பினார்கள். போன முகம் வேறு, திரும்பி வந்த முகம் வேறு.

"லேட்டுன்னு சொல்லிட்டாங்கப்பா," என்றாள் கவிதா.

பர்ஸ்ட் ஷிப்ட் கூட இருந்தும் லேட்டா? கோலாருக்குக் கப்பல் வந்தது என்றால்கூட நம்பியிருப்பேன். அவரைக் கேட்டால், கடை திறக்க நேரமாகிவிட்டது என்று என் கடைப் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார். வழக்குப் போட்டோம். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் கெடு முடிந்தபின் யாரையும் சேர்க்க முடியாது என்றது கல்லூரி. தோற்றால் மறுபடி நுழைவுத் தேர்வு, மறுபடி ஒரு வருடம்.

அந்த வியாழக்கிழமை பெங்களூர் ஹைகோர்ட்டில் கேட்டைத் திறந்த காவலர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

எங்கள் வழக்கு வந்தது. "மனுதாரர் நேரம் முடிந்த பிறகுதான் வந்தார்," என்றார் கல்லூரி வக்கீல்.

"யாரு லேட்டு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எங்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பர்ஸ்ட் ஷிப்ட் எழுந்து நின்றிருந்தார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யார் நீங்கள்?"

"பொண்ணு கூடப் போன ஆளு சாமி. வாட்ச்மேன் பல்லு வெளக்கும்போதே கேட்டாண்ட நின்னோம். இவதான் மொத ஆளு. ஆபீஸ் தொறந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. எனக்குப் பொறுக்கல. எல்லாரையும் லைன்ல நிக்க வெச்சு, நாந்தான் ஒவ்வொருத்தரா உள்ள ஏத்துனேன்."

"முதல் ஆள் என்றால் இவர் ஏன் உள்ளே போகவில்லை?"

அவர் குரல் இறங்கியது. "எங்க மைன்ல ஒரு வழக்கம் சாமி. ஆள் ஏத்துறவன் தன் வீட்டு ஆளக் கடைசி கேஜிலதான் அனுப்பணும். இல்லன்னா ஓரவஞ்சனைன்னு பேச்சு வரும். இவ என் வீட்டுப் பொண்ணு மாதிரி. கடைசியா நிக்க வெச்சேன். இவ முறை வந்தப்போ ஷட்டர எறக்கிட்டாங்க."

நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். கிழவரை யாரும் திட்டிவிடக் கூடாதென்று இதை அவள் என்னிடமும் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை.

கல்லூரி அலுவலகத்துக் குமாஸ்தா அங்கேயே இருந்தார். "இவரைத் தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"மறக்க முடியுமா ஸ்வாமி? நான் ஆபீஸ் தொறக்க வரும்போதே இவரும் இந்தப் பொண்ணும் கேட்ல நின்னாங்க. என்னையே லைன்ல நிக்க வெச்சாரு. டீ குடிக்கப் போறதுக்கு அவர்கிட்ட பர்மிஷன் கேட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நீதிபதி கல்லூரி வக்கீலிடம், "பின்னால் வந்தவர்கள் எல்லாம் சேர்ந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் மட்டும் தாமதமா?" என்றார். காலி இடத்தில் கவிதாவை உடனே சேர்க்கும்படி உத்தரவானது.

திரும்பும் ரயிலில் நாங்கள் மைசூர்பாகு தின்றோம். அவர் வாங்கிய துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கதவோரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"காலைல காலேஜுக்கு நீயே கூட்டினு போ தம்பி. நான் வந்தா கொழந்தய மறுபடியும் கடைசியா நிக்க வெச்சுருவேன். கை பழகிப்போச்சு."

எவ்வளவு சொல்லியும் அவர் மசியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, கவிதா பெட்டியோடு என்னையும் இழுத்துக்கொண்டு போய், ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் வரிசையில் இருந்த அவருடைய லைன் வீட்டுக் கதவைத் தட்டினாள். "பெரிப்பா, நீங்க வராம நான் சேர மாட்டேன். எழுந்திரிங்க!"

தட்டிய கை கீழே இறங்குமுன் கதவு திறந்தது. சலவைச் சட்டை, படிய வாரிய தலை, காலில் செருப்பு, தோளில் பை.

"நீ கூப்புடுவியான்னு தெரியலம்மா," என்றார். "சும்மா ரெடியா இருந்தேன்."

நான் அவருடைய பையை வாங்கிக்கொண்டேன்.