ஒரு கோலுக்கு மூன்று ஏறும் பொத்தான்

அன்பு மகள் ரிக்கவுக்கு,

பெரியப்பா ஹோல்கர் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா இங்கரும் சுகம். ஆல்போர்க்கில் நீயும் சுகமென்றே நம்புகிறேன். போனில் சொன்னால் சிரித்துவிடுவாய், ஆகவே கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சமையலறை மேசைக்கால் ஆடுகிறது.

விஷயம், எங்கள் ஊர் ஹேண்ட்பால் அரங்கத்துக்கு நீ செய்து கொடுத்த ஸ்கோர் பலகை. பலகை அழகுதான், அந்தப் பொத்தானுக்குத்தான் பேய் பிடித்திருக்கிறது. ஒரு தடவை அமுக்கினால் மூன்று ஏறுகிறது. கேட்டதற்கு நீ, "பெரியப்பா, அமுக்கும்போது உள்ள இருக்கிற தகடு துள்ளும். ஒவ்வொரு துள்ளலையும் அந்தக் குட்டி கம்ப்யூட்டர் தனித்தனியா எண்ணிடும். தகடு அடங்குற வரைக்கும் பொறுத்துக்கோன்னு அதுக்குச் சொல்லி வெச்சுட்டேன்" என்றாய். என்னத்தைப் பொறுத்ததோ! போன ஞாயிறு எல்லெபி ஊரோடு ஆட்டம், நம் பெண்கள் ஒரு கோல் போட, பலகையில் மூன்று. அவர்கள் பயிற்சியாளர் பிரெபன் எழுந்து, "யோவ் ஹோல்கர், உங்க ஊர்ல ஒண்ணு போட்டா ரெண்டு இலவசமா?" என்று கத்த, நான் பதறிப்போய்க் கழிக்கும் பொத்தானை ஒரே ஒரு தட்டு தட்டினேன், நாலு இறங்கித் தொலைந்தது, இப்போ நம்ம ஆளுங்களே திட்ட, சரி ஏத்திடலாம்னு விரலை வெச்சேன், எடுக்கக் கொஞ்சம் தாமதமாயிடுச்சு, நீதானே வெச்சே, அமுக்கிப் பிடிச்சா எண் தானா ஓடும்னு? ஓடிச்சே! பத்து, இருபது, நாப்பது... நடுவர் விசிலை வாயில வெச்சுக்கிட்டு ஊத மறந்து நின்னார்.

ஆட்டம் முடிஞ்சதும் சங்கத் தலைவி கிர்ஸ்டன் காபியோட வந்தா. "ஹோல்கர், அடுத்த ஞாயிறு நீங்க நிம்மதியா ஆட்டத்தைப் பாருங்களேன், வேற யாராவது அமுக்கட்டும்" என்றாள். காபி கொடுத்துச் சொன்னா வலிக்காதா? அரங்கம் திறந்த நாள்லேருந்து அந்த நாற்காலி என்னுது. அதுவும் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை நான் எதுக்கு எழுந்திரிக்கணும்? அவ நல்லவதான், பாவம். தப்பு பொத்தான் மேலதான், என் விரல் பாறை மாதிரி அசையாம இருக்கு. ஞாயிறுக்குள்ள வந்து அந்தச் சனியனைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற வை. பொத்தான்தான் குற்றவாளின்னு கிர்ஸ்டன்கிட்ட உன் வாயாலேயே சொல்லு.

குளிர் ஏறுகிறது, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு சைக்கிள் ஓட்டு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், அந்தப் பொத்தான் உட்பட.

அன்புடன்,
பெரியப்பா ஹோல்கர்

பி.கு.: இது பெரியம்மா. உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் தந்தார், படித்துவிட்டேன். நேற்று அரங்கத்தைக் கூட்டப் போனபோது அந்தப் பொத்தானை நானே அமுக்கிப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்றுதான் ஏறியது, கையை எடுத்ததும் நின்றது. டாக்டர்கிட்ட போலாம்னா, "பொத்தானைக் கூட்டிட்டுப் போ"ன்னு எரிஞ்சு விழறார். ஞாயிறு கழியட்டும், நானே இழுத்துட்டுப் போறேன். அதுக்குள்ள ஒண்ணு செய்டி கண்ணு. தகடு அடங்குற வரைக்கும் பொறுக்கச் சொன்னியே, அந்தப் பொறுமையை இன்னும் கொஞ்சம் கூட்டி வை. பிடிச்சா ஓடுறதையும் எடுத்துடு. அவர்கிட்ட புதுப் பொத்தான் மாட்டிட்டேன்னு மட்டும் சொல்லு.

மேசைக்கால் ஆடலை.