குதிகாலில் கடித்த சுறா

திருத்தணிக்கு வருகிறவர்கள் எல்லோரும் முடியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பல்லுக்காக அலைந்த ஒரே மனுஷர் எங்கள் மாடியில் குடியிருந்த பல்லு சார்தான்.

அந்தப் பேரைக் கேட்டு ஏமாந்து கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒருத்தர் வீங்கின கன்னத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். சார் அவர் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, "அருமையா தேஞ்சிருக்கு" என்று பாராட்டி அனுப்பி வைத்தார்.

காலேஜில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். அரியலூர் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். அங்கே போய் மூட்டை மூட்டையாக மண் கொண்டுவருவார். பக்கெட்டில் ஊறவைத்து, சல்லடையில் அலசி, வெயிலில் காயவைத்து, பிரஷ்ஷால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். தேடுவது சுறாப் பல்லும் திருக்கைப் பல்லும். செலவாவது எங்கள் வீட்டு டேங்க் தண்ணீர்.

"என்னா சார், சுறாவா இருந்தா புட்டாவது செய்யலாம். பல்ல வச்சிகினு என்னா பண்றது?" என்று கேட்டேன்.

"சுறாவுக்கு எலும்பே கெடையாதும்மா. எல்லாம் குருத்து. செத்தா கரைஞ்சிடும், பல்லுதான் மிஞ்சும். ஒண்ணு விழுந்தா பின்வரிசையிலேர்ந்து இன்னொண்ணு முன்னாடி வந்துடும். சாகற வரைக்கும் அப்படித்தான்."

எனக்கு வயிறெரிந்தது. என்னிடம் பின்வரிசையே கிடையாது, முன்வரிசையும் போய்க்கொண்டிருந்தது.

சார் என் வாயையே உற்றுப் பார்த்தார். "உங்க கடைவாய்ப் பல்லு திருக்கைப் பல்லு மாதிரியே தட்டையா இருக்கும்மா. விழுந்தா எனக்குத் தந்துடுங்க."

"நான் உயிரோட இருக்கசொல்லவே பாகம் கேக்கறியா சார்?"

ஒரு நாள் நொய்யரிசி அளவுக்கு ஒரு பல் கிடைத்தது. அந்த மண்ணில் இந்த ஜாதிச் சுறாவை இதுவரை யாரும் எடுத்ததில்லை என்று குதித்தார். போட்டோ பிடித்துப் பெரிய படிப்பாளிகளுக்கெல்லாம் அனுப்பினார். ஒருத்தரும் மதிக்கவில்லை. கடைசியில் மெட்ராஸில் ஆராய்ச்சி பண்ணுகிற ஒரு மேடம், ஆடிக் கிருத்திகை அன்று நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொன்னார். சார் புதுச் சட்டை வாங்கினார். அலசின வெள்ளை மணலை ஒரு எவர்சில்வர் டப்பாவில் மெத்தை மாதிரி பரப்பி, அதன்மேல் பல்லை வைத்து, மாடிப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்றைக்குப் பார்த்து என் மருமகள் மஞ்சுளாவுக்குக் கோலமாவு தீர்ந்துபோனது.

"என் டப்பா எங்கம்மா?" ஈரத் தலையோடு சார் அலறினார்.

மஞ்சுளா வாசலைக் காட்டினாள். தெருவை அடைத்து ஒரு கோலம். "மாவுன்னு நெனச்சிட்டேன் சார். கைக்கு நல்லா வந்துச்சு, எங்கியும் இழையே அறுந்து போவல."

துடைப்பத்தை எடுத்தேன். "தொடாதீங்கம்மா!" என்று சார் புதுச் சட்டையோடு தெருவில் மண்டி போட்டார். கையில் பூதக்கண்ணாடி. புள்ளி புள்ளியாக, இழை இழையாக ஊர்ந்தார். பூக்காவடிக் கூட்டம் வேறு வர ஆரம்பித்துவிட்டது. இப்படி ஒரு வேண்டுதலை அவர்கள் பார்த்ததில்லை. "அரோகரா!" என்று சாரின் முதுகில் விபூதி பூசினார்கள். ஒரு அம்மா குடத்தோடு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றப் பார்த்தாள். "அடியே, கோலம் கரைஞ்சா மனுஷன் செத்துடுவாரு!" என்று நான்தான் தடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து சித்தூர்க்காரர் ஒருத்தர் ஆடிக்கொண்டே வந்து கோலத்தை மிதித்தார். மிதித்த வேகத்தில் "அப்பப்பா!" என்று ஒற்றைக் காலில் நின்றார். சார் பாய்ந்து அவர் காலைப் பிடித்தார்.

"கால புடிக்காத நைனா! எனக்குப் பாவம்!"

"கொஞ்சம் ஆடாம இருங்க!" சார் சின்ன இடுக்கியால் குதிகாலிலிருந்து எதையோ பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். ஒரு சொட்டு ரத்தம். சாருக்கு முகமெல்லாம் பெருமை. "செத்துக் கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு. இன்னும் கடிக்குது பாருங்க!"

"எது கடிச்சிச்சி?" என்று அவர் பயந்துபோய் என்னைக் கேட்டார்.

"சுறா" என்றேன்.

அதற்கப்புறம் அவர் போட்ட அரோகரா மலை உச்சிக்கே கேட்டிருக்கும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடம் வந்து சேர்ந்தார். "எங்க கெடச்சுது சார்?"

சாருக்குப் பொய் வராது. "அரியலூர்ல மேடம். கடைசியா, ஒருத்தர் குதிகால்ல."

மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதான் சார். இதை எடுத்துட்டுப் போறேன். நீங்களும் வாங்க, கூடவே இருந்து வேலை செய்யலாம்."

விபூதி முதுகோடு சார் நடுத்தெருவில் அழுதார். அந்த வாரமே மூட்டைகளோடு மெட்ராஸ் ரயில் ஏறினார். எங்கள் டேங்கில் இப்போது தண்ணீர் அப்படியே நிற்கிறது.

போன மாசம் என் கடைவாய்ப் பல்லும் விழுந்தது. "தூக்கிப் போடுங்க அத்தே" என்றாள் மஞ்சுளா. போடவில்லை. ஒரு டப்பாவில் வெள்ளை மணல் பரப்பி, மேலே வைத்திருக்கிறேன். இதைப் பார்த்துச் சந்தோஷப்பட இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தானே இருக்கிறார்.