நாலாவது சிலிண்டரைக் காணோம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். யாவரும் என்றால் வண்டியும் சேர்த்தியா என்று உங்கள் அத்தை கேட்டதால், நானும் அவளும் நலம் என்று மட்டும் இப்போதைக்கு எழுதுகிறேன். நீங்களும் என் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் என்ஜின் என்று வாயெடுத்ததுமே என் மகள் சிரிக்கிறாள், அவள் சிரிப்பதைக் கேட்டு நீங்களும் சிரிக்கிறீர்கள். கடிதமென்றால் முழுசாகப் படித்துவிட்டுத்தானே சிரிக்க முடியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வண்டியை விற்றுவிடலாம், வேண்டும்போது வாடகைக் கார் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னீர்கள். எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வீட்டுக்குள் உங்கள் அத்தை என்னிடம் பேசுவது "பால் வந்துச்சா", "ஃபேனை அணைங்க", அவ்வளவுதான். வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு வாய் திறக்கும். சாயங்காலம் ஏரிவரை போய்த் திரும்புவதற்குள் அவள் பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போட்டாள் என்பதிலிருந்து எல்லாம் வந்துவிடும். வாடகைக் காரில் மூன்றாம் மனிதர் ஓட்டிக்கொண்டிருப்பார், அவள் மூச்சு விட மாட்டாள். இந்த வயதில் எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான். ஆகவே வண்டி என் கையைவிட்டுப் போகக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, வைத்தியத்தை நானே வீட்டில் ஆரம்பித்தேன்.

அந்த விளக்கில் இருக்கும் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? என்ஜினாம். உங்கள் அத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "குழாய் மாதிரியில்ல இருக்கு? தண்ணி கேக்குதோ என்னவோ" என்றாள். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று, தண்ணீர் ஊற்றக்கூடிய இடத்திலெல்லாம் ஊற்றினேன். கண்ணாடி துடைக்கிற டப்பா நிரம்பி என் செருப்பு நனைந்ததே தவிர விளக்கு அசைந்துகொடுக்கவில்லை. பிறகுதான் அந்த ஸ்கேனரை வாங்கினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. ஸ்டியரிங்குக்கு அடியில் அதைச் செருக ஓர் இடம் இருக்கிறதாம், செருகிவிட்டால் வண்டி தன் நோயைத் தானே போனுக்குச் சொல்லிவிடுமாம். அந்த இடத்தைத் தேடி நான் தலைகீழாக உள்ளே போனேன், போன வேகத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டு கால் மட்டும் வெளியே ஆடுவதைப் பார்த்த வாட்ச்மேன், திருடன் என்று நினைத்துப் பிடித்து இழுத்துவிட்டார். "நீங்களா! காலைப் பார்த்தா தெரியலையே சார்" என்றார். என் காலை அவர் அதற்கு முன் கவனித்ததில்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒருவழியாகச் செருகி, போனைத் தட்டினேன். ஓர் எழுத்தும் நாலு எண்ணும் வந்தன, கீழே விளக்கமும் வந்தது: நாலாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பழைய தெம்பு வந்துவிட்டது மாப்பிள்ளை. நான் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் காலத்தைக் கழித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்குள் ஒரு கை வரும், கையில் ஒரு சீட்டு இருக்கும். சீட்டில் எழுதியதைக் கொடுப்போம், அடுத்த கை வரும். கைக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று குனிந்து பார்த்த வழக்கமே கிடையாது. சீட்டு சொன்னால் சொன்னதுதான்.

அதே பக்தியோடு பானெட்டைத் திறந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைக் காணோம். வலப்பக்கத்திலிருந்து எண்ணினேன், அப்போதும் மூன்று. உங்கள் அத்தையை விட்டு எண்ணச் சொன்னேன். "மூணேதாங்க. கீழ எங்கயாச்சும் விழுந்திருக்குமோ?" என்று அவள் வண்டிக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள். அங்கேயும் இல்லை. கடைசியாக சர்வீஸ் செய்த மெக்கானிக்கிடம் நேரே போய், நாலு பேர் முன்னால், "எங்கய்யா என் நாலாவது சிலிண்டர்? மரியாதையா எடுத்துக் குடு" என்று கேட்டுவிட்டேன். "சார், உங்க வண்டி பொறந்ததே மூணோடதான்" என்றார் அவர். "அப்போ இல்லாத சிலிண்டர்ல எப்படிய்யா கோளாறு வரும்?" "இல்லாம இருக்கிறதே பெரிய கோளாறுதானே சார்" என்றார். அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது நியாயமாகப் பட்டது. பிடுங்கிப்போட்ட பல் இன்னும் வலிக்கிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்தவன்தானே நான். வீட்டுக்கு வந்து, இருக்கிற மூன்றுக்கும் புதுப் பிளக் போட்டேன். அவை தெம்பாக இருந்தால் இல்லாததன் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுச் செய்யும் என்று கணக்கு. தினமும் காலையில் போனில் 'அழி' என்பதை அமுக்குவேன், விளக்கும் சில நாள் அணையும். ஏரிக்கு நாலு தடவை போய் வந்தால் மறுபடி எரியும்.

இந்த இடத்தில் மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வண்டி என் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் பக்கக் கண்ணாடி நடுவில் போட்ட கோட்டைத் தாண்டி என் இடத்துக்குள் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருப்பதால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வண்டியிலும் அதே மஞ்சள் விளக்கு. நான் ஸ்கேனர் வாங்கியதும், அதே கடையில் அதே ஸ்கேனரை அவரும் வாங்கி, நான் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தன் வண்டியில் செருகியும் விட்டார். எனக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து அவரும் தினமும் காலையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போன வாரம் நான் போனைப் பார்த்தபடி வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் அத்தை பக்கத்தில். வண்டி அணைந்திருக்கிறது, சாவி என் கையில். போனோ என்ஜின் மூவாயிரம் சுற்று சுற்றுகிறது என்கிறது! "பெல்ட்டைப் போடு!" என்று கத்திவிட்டு இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். "வண்டி நிக்குதுங்க" என்றாள். "போன் ஓடுதுன்னு சொல்லுதேடி!" "ஓடுறது பக்கத்து வண்டி. வாத்தியார் மிதிமிதின்னு மிதிக்கிறாரு, காது கேக்கலையா?" திரும்பிப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பகையை மறந்து இறங்கி ஓடி வந்தார். "சார், என் என்ஜின் நின்னுபோச்சுன்னு போன் சொல்லுது சார். சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு!" என்றார், முகமெல்லாம் வெளுத்து.

அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. இரண்டு டப்பாவுக்கும் ஒரே பெயர், ஒரே ரகசிய எண். என் போன் அவர் டப்பாவைப் பிடித்திருக்கிறது, அவர் போன் என் டப்பாவைப் பிடித்திருக்கிறது. நாலு சிலிண்டர் வண்டி அவருடையது. நான் அழித்தால் அவர் வண்டியில் விளக்கு அணைந்தது, அவர் அழித்தால் என் வண்டியில் அணைந்தது. என் வண்டியின் நோய் என்ன தெரியுமா? பெட்ரோல் டேங்க் மூடி சரியாக மூடவில்லை. அதைப் படித்துவிட்டு அந்த மனிதர் தன் வண்டிக்கு மூடிமேல் மூடியாக மாற்றி, கடைசியில் பசை போட்டே ஒட்டிவிட்டார். இனி அவர் பெட்ரோல் போட உளிதான் வேண்டும். போய்ப் பார்த்தால் என் டேங்க் மூடி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மருந்து பாட்டிலைக்கூட மூடாமல் கொடுத்தறியாத எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இறுக்கி மூடினேன், போனை என் டப்பாவோடு சேர்த்து 'அழி'யை அமுக்கினேன், அதன்பின் ஏரிக்குப் போய்ப்போய் வந்தும் விளக்கு எரியவே இல்லை. வண்டி சுகம். விற்கிற பேச்சை இத்தோடு விட்டுவிடும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் என் மகளும் மஞ்சள் விளக்கோ சிவப்பு விளக்கோ காணாமல் நெடுங்காலம் ஓட வேண்டும் என்று இருவரும் மனமார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை கீழேயிருந்து கூப்பிட்டாள். ஏரிக்குக் கிளம்பி வண்டியில் உட்கார்ந்தே விட்டாள். சாவியைத் திருப்பினேன், 'டிக்' என்றது. மஞ்சள் விளக்கு எரியவில்லைதான், ஆனால் எந்த விளக்குமே எரியவில்லை. ஸ்கேனரைப் பிடுங்காமல் விட்டதால் அது உட்கார்ந்து பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிட்டதாம். வாத்தியார் வண்டியும் அதே கதி. "இறங்கு, இன்னைக்கு ஏரி இல்லை" என்றேன். அவள் இறங்கவில்லை. "அது கெடக்கட்டும், கதவைச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு, தன் சின்ன அண்ணன் சைக்கிளோடு கிணற்றில் விழுந்த கதையை ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாத கதை அது. வண்டி ஓர் அடி நகரவில்லை, அவளும் நிறுத்தவில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வந்து என்ஜினோ சக்கரமோ எது வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். முன் சீட் இரண்டை மட்டும் கழற்றாமல் விட்டுவிட்டுப் போங்கள். இதை எழுதிச் சேர்க்கத்தான் மேலே வந்தேன், அண்ணன் இன்னும் கிணற்றில்தான் இருக்கிறார். நான் போக வேண்டும்.