கோபே கைப்பக்குவம்

“வசாபி தெரியும்ல, தங்கவேலு?”

“என்னங்க டாக்டர் ஐயா, என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுட்டீங்க! கோபேல ஆறு வருஷம் அதைக் கொழப்பித்தான் இந்தக் கை தேஞ்சே போச்சு,” என்று தங்கவேலு வலது கையை நீட்டிக் காட்டினான். வசாபி என்றால் மிருகமா பறவையா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

பர்மாவில், கியாக்டடா பேட்டையில் பல் வைத்தியம் பார்த்துவந்த ஒகாவா என்ற ஜப்பான்காரரிடம் அவன் சமையலுக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜப்பான் சமையல் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதுமே, ஜப்பானில் கோபே துறைமுகத்தில் ஆறு வருஷம் சமைத்தவன் என்று அடித்துவிட்டான். உண்மையில் அவன் கண்ட தூரதேசம் பக்கத்திலிருக்கும் த்வாண்டே கால்வாய்தான். அந்தக் கால்வாயில் ஓடும் நீராவிப் படகில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

மிளகாய் போடாத மீன் குழம்புக்குக் ‘கோபே குழம்பு’ என்றும், வெந்தயக் கஞ்சிக்குக் ‘கோபே கஞ்சி’ என்றும் பெயர் வைத்து மாதத்தை ஓட்டிவிட்டான். டாக்டரும், “கோபேல இப்படித்தான் சாப்பிடுவாங்களா?” என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார். சிங்கப்பூரில் இருந்தபோது தமிழ் பழகிக்கொண்டவர் என்பதால் பேச்சுக்கும் தடையில்லை.

இன்றைக்குத்தான் வந்தது வினை. துறைமுகத்தில் நிற்கும் ஜப்பான் கப்பலின் கேப்டன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். காலையிலேயே கப்பலிலிருந்து ஒரு தட்டு நிறையப் பச்சை மீன் துண்டுகளும், வசாபி என்று சொல்லி ஒரு டப்பாவும் கொடுத்தனுப்பிவிட்டார். கேப்டனுக்குச் சொந்த ஊரே கோபே.

பொய் வெளிப்பட்டால் வேலை போய்விடும். வேலை போனால்கூடத் தேறிக்கொள்ளலாம். “எங்க வீட்டுக்காரரு ஜப்பான் டாக்டருக்கே சோறு போடுறாரு” என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கும் தைலம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? அதை நினைத்தால்தான் தங்கவேலுவுக்கு நிஜமாகவே கலக்கமாக இருந்தது.

கலக்கத்தை உதறிவிட்டு டப்பாவைத் திறந்தான். உள்ளே பச்சைப் பொடி. முகர்ந்தால் பெரிதாக வாசனையும் இல்லை. ‘கீரைப் பொடிதான், வேறென்ன’ என்று முடிவு கட்டி, பாதியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கிண்டினான். பசை மாதிரி திரண்டது. நாக்கில் வைத்தால் ருசியே இல்லை. உப்புப் போட்டான். தேங்காய் அரைத்துவிட்டான். கடைசியில் ஜன்னலில் காகிதம் ஒட்டத்தான் அது லாயக்கு என்றானது.

கீழ்த்தளத்தில் ஒரு ஜப்பானியர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே வேலை பார்க்கும் ஜாபரிடம் ஓடினான்.

“ஜாபரு, இந்த வசாபிய உங்க முதலாளி எப்படிக் கொழப்புறாரு? நம்ம கோபே முறைதானான்னு ஒத்துப் பார்க்கத்தான் கேக்குறேன்.”

“மலை ஓடையோரத்துல விளையுற கிழங்காம்ணே அது. காயவச்சுப் பொடி பண்ணி அனுப்புறாங்க. பச்சைத் தண்ணிய ஒரு சொட்டு விட்டுக் கொழைச்சு, கிண்ணத்தை அப்படியே கவுத்து வச்சிருவாரு. கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் காரம் ஏறும். சுடுதண்ணி பட்டா செத்துப்போகும்.”

“தொட்டுக்கிறது?”

“பச்சை மீனுக்குத்தான்.”

“பச்சையாவா திங்கிறாங்க!” என்று வாயைப் பிளந்தவன், சட்டென்று சமாளித்து, “ஆமாமா, பச்சையாத்தான்” என்றான்.

“அண்ணே, எவ்வளவு வைக்கணும்னா...”

“அளவு எனக்கே சொல்றியா? கோபேயைப் பார்த்தவன்யா நான்!”

படியேறி வந்து மீதிப் பொடி முழுவதையும் பச்சைத் தண்ணீரில் பிசைந்தான். ருசி பார்த்தான். லேசான கசப்பு, அவ்வளவுதான். கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்துக் காத்திருந்தான். அப்புறம் திறந்து, துவையல் ருசி பார்ப்பதுபோல் ஒரு கொட்டைப்பாக்கு அளவு உருட்டி வாயில் போட்டான்.

நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. மறு நொடியே மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏதோ ஏறியது. பர்மியரின் ஙாப்பி மீன் விழுது வாடைக்கே அசராத மூக்கு அவனுடையது. அதைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

வாசலில் டாக்டர்!

“ஏன் அழுவுற, தங்கவேலு?”

“கோபே ஞாபகம் வந்துருச்சுங்க,” என்றான், மூச்சுக் கிடைத்த முதல் நொடியில்.

“இதைச் சாப்பிட்டா அழணுமா?”

சொன்னதைத் தங்கவேலு எப்போது மாற்றிச் சொல்லியிருக்கிறான்? “பின்னே! ஒரு உருண்டைய அப்படியே வாயில போட்டு, ஊரை நெனச்சு அழுதாத்தான் விருந்தாளிக்கு மரியாதை. அழலைன்னா கோவிச்சுக்குவாங்க.”

டாக்டர் தலையாட்டிக்கொண்டே போனார்.

மத்தியானம் கேப்டன் வந்து உட்கார்ந்தார். தங்கவேலு மீன் தட்டை வைத்து, நடுவே எலுமிச்சங்காய் அளவில் இரண்டு பச்சை உருண்டைகளையும் வைத்துவிட்டு, கதவிடுக்கில் நின்றான்.

கேப்டன் உருண்டையைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். குச்சியின் நுனியால் பட்டாணி அளவு கிள்ளி, ஒரு மீன் துண்டின்மேல் தடவி, அதன் ஓரத்தைத் தான் கொண்டுவந்திருந்த கறுப்பு சோயாச் சாற்றில் தோய்த்து, கண்ணை மூடி ரசித்துச் சாப்பிட்டார்.

‘பட்டாணி அளவுதானா!’ என்று தங்கவேலு திடுக்கிட்டான். ஜாபர் சொல்ல வந்தது இதைத்தான். டாக்டருக்குச் சைகை காட்டக் கையைத் தூக்கினான்.

அதற்குள் டாக்டர் முழு உருண்டையையும் வாயில் போட்டுக்கொண்டார்.

முகம் சிவந்தது. காது சிவந்தது. மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேப்டனைப் பார்த்துச் சிரிக்க முயன்றபடியே ஓவென்று அழுதார். கேப்டன் பதறியெழுந்து முதுகில் தட்டினார். ஜப்பான் மொழியில் என்னவோ கேட்டார். டாக்டர் விக்கி விக்கிப் பதில் சொல்லி, அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டினார். கேப்டன் கதவிடுக்கையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

தொலைந்தோம் என்று தங்கவேலு தன் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினான்.

கேப்டனை அனுப்பிவிட்டு வந்த டாக்டர் கதவைச் சாத்தித் தாழிட்டார். மூக்கு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

“கேப்டன் கண்டுபிடிச்சிட்டாரு, தங்கவேலு.”

வாழ்க்கையில் முதல் முறையாகத் தங்கவேலுவின் தைரியம் அவனைக் கைவிட்டது. தைலம்மாளை நினைத்தான். “ஐயா, நான் உண்மையச் சொல்லிடறேன்...”

“இரு, முதல்ல நான் சொல்லிடறேன்,” என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “நான் பொறந்தது, வளர்ந்தது, பல் பிடுங்கக் கத்துக்கிட்டது எல்லாம் சிங்கப்பூர்லதான், ஜப்பான நான் கண்ணால பார்த்ததே இல்ல, ஜப்பான்காரன் எப்படிச் சாப்பிடுவான்னு கத்துக்கத்தான், கோபேல ஆறு வருஷம் இருந்தவன்னு உன்னை வேலைக்கே வச்சேன்!”