தாலிக்கு முந்திய டிரம்பெட்

ஒரு காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று முழுமையாகத் தெரிந்துவைத்திருப்பதற்கும், அந்தக் காரியத்தைச் செய்ய முடிவதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. வருவாய்த் துறையில் என் பணிக்காலம் முழுக்க இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. (கண்டுபிடித்த ஒன்றிரண்டு பேர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்கள்.) ஒரு டிரம்பெட் மட்டும் சில மாதங்களில் கண்டுபிடித்து, ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகத்தில் வேலை. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, நான், தங்கை செல்வி. செல்வி மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தவள். படிப்பு முடிந்து வரும்போது பட்டத்தோடு ஒரு கேசட்டும் கொண்டுவந்தாள். அதில் ஓர் அமெரிக்கப் பாட்டு. அந்த ரகத்துக்கு ஃபங்க் என்று பெயராம். உலகமே அதற்கு ஆடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான் ஆடினாள், அதுவும் அடுக்களைக்குள், தோசை திருப்புகிற இடைவேளையில்.

அந்தப் பாட்டில் டிரம்பெட்டுக்கு அதிக வேலை இல்லை. ‘பா... பபா... பாம்!’ என்று வெடிக்கும். பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கும். மறுபடி வெடிக்கும். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, “ஏட்டி, இதெல்லாம் ஒரு வாசிப்பா? என்.சி.சி.ல பியூகிள் ஊதுனவன் நான். ஒரே வாரத்துல ஊதிப்புடுவேன்” என்று சொல்லித் தொலைத்தேன். (பியூகிள் ஊதியது ஒரே ஒரு தடவை. அன்று கொடி பாதியில் சிக்கிக்கொண்டது. அதற்கு நான் பொறுப்பல்ல.)

அடுத்த தையில் செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. தேவதானத்து மாப்பிள்ளை, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, அதிர்ந்து பேசாதவர். அந்த வீட்டிலும் டேப் ரிக்கார்டர் இருந்தது. ஆனால் அதில் பக்திப் பாட்டு மட்டும்தான் ஓடும் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்கள்.

“அண்ணே, நகை நட்டுன்னு உன்கிட்ட கூடுதலா ஒண்ணும் கேக்கலை. ரிசப்சன்ல அந்தப் பாட்ட நீ வாசிக்கணும்” என்றாள் செல்வி.

“கேசட்டையே போட்டுறலாமே?”

“கேசட்டு யாரு வேணும்னாலும் போடுவாங்க. நீ வாசி. அங்க போன பொறவு இதெல்லாம் கேக்க முடியுமோ என்னமோ.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசி வாக்கியத்துக்கு மட்டும் சிரிப்பு வந்து சேரவில்லை.

ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் காதர், முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுவார். என்னைவிட வயதில் சின்னவர், தன்னம்பிக்கையில் பெரியவர். அவரிடம் உபரியாக இருந்த டிரம்பெட்டை இரவல் வாங்கி, அவரிடமே கற்றுக்கொள்ளப் போனேன். பாட்டைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

“என்ன சார் இது, விக்கல் எடுத்த மாதிரி இருக்கு?”

“அதுதான் பாட்டு.”

“நடுவுல சும்மா இருக்காம்லா, அங்க நம்ம ஒரு சங்கதி போட்டுக்கிடுவோம். சனம் எம்புட்டு நேரம் சும்மா இருக்கும்?”

காதருக்கு எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பிவிடும். எனக்கு நேர் எதிரான வியாதி. சும்மா இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, எத்தனை தாளத்துக்குப் பிறகு வாயை வைக்க வேண்டும் என்று வகுத்து, பேருந்தில் போகும்போதும் வரும்போதும் மனதுக்குள் எண்ணினேன். கிருஷ்ணன்கோவிலுக்கு முகாம் போன ஒரு நாளில் எண்ணிக்கொண்டே இறங்க மறந்தும் போனேன். எண்ணுவதில் தேர்ச்சி பெற்றேன். ஊதினால் காற்று மட்டும் வந்தது.

காற்று சத்தமாக மாறிய அன்று பக்கத்து வீட்டு ராமசாமி படியேறி வந்தார். நூல் மில்லில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்.

“சார், நீங்க ஊதுங்க, வேண்டாங்கலை. எம் பொஞ்சாதி ரெண்டு மட்டம் வெளிய ஓடிவந்து தெருவுல எந்த வீட்டுல துட்டி, யாரு செத்ததுன்னு கேட்டுட்டா. இத உள்ள திணிச்சுக்கிட்டு ஊதுங்க.”

நீட்டியது ஒரு கனத்த துண்டு. அதன் பிறகு எல்லாப் பயிற்சியும் துண்டோடுதான். ‘பா... பபா... பாம்’ என்பது தலையணைக்குள் தும்முவது போல வரும். ஸ்வரம் சரியாக விழுந்தது, எண்ணிக்கை சரியாக நின்றது. என் டிரம்பெட்டின் உண்மையான குரலை மட்டும் நான் கேட்டதே இல்லை.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில், மண்டபத்தில். நிகழ்ச்சி நிரலை நானே தயாரித்து, கார்பன் வைத்துத் தட்டச்சு செய்து, ஐயருக்கு ஒன்று, சமையல்காரருக்கு ஒன்று, மேளக்காரருக்கு ஒன்று என்று வழங்கியிருந்தேன். (ஐயர் அதில் விபூதி மடித்துவைத்தார்.) அதன்படி தாலிக்கு இன்னும் நேரமிருந்தது. தாலித் தட்டைப் பெரியவர்கள் தொட்டு வாழ்த்துவதற்காக என் அத்தை சபைக்குள் எடுத்துப் போயிருந்தாள். அட்சதை எல்லோர் கையிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

“காலையில ஒரு மட்டம் ஊதி உதட்டச் சூடாக்கிக்கிடுங்க சார். இல்லேன்னா சாயந்தரம் வெறும் காத்துதான்” என்று காதர் எச்சரித்திருந்தார். விதிமுறை என்று யாராவது சொல்லிவிட்டால் அதை மீற என்னால் ஆகாது. மணவறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறைக்குள் நுழைந்தேன். துண்டு உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையில் டிரம்பெட்டை எடுத்தேன். (சாம்பார் அண்டாவை இறக்கப் பிடிதுணி தேடிய சமையல்காரர் அதை உருவிக்கொண்டு போயிருந்தார்.) மூச்சை இழுத்தேன்.

பா... பபா... பாம்!

என் காதே அடைத்துக்கொண்டது. அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். நிற்கவில்லை, ஏனென்றால் முதல்முறையாகப் பாட்டு பாட்டாக வந்திருந்தது. எண்ணினேன், சரியான இடத்தில் மறுபடி ஊதினேன்.

வெளியே நடந்ததைப் பிறகு பலர் எனக்கு விளக்கினார்கள். வீடியோக்காரரின் விளக்கு மறைத்ததால் மேளக்காரர்களுக்கு மணவறை தெரியவில்லை. மணவறைப் பக்கத்திலிருந்து, சுவரில் மோதி வெறும் முழக்கமாகக் கேட்டதைச் சைகையாக எடுத்துக்கொண்டு, தாலி ஏறிவிட்டது என்று தவில்காரர் கெட்டிமேளம் கொட்டினார். மேளம் கேட்டதும் சபை எழுந்து அட்சதையை வீசியது. ஐயர் பதறி எழுந்து, “நிறுத்துங்கோ” என்று விளக்குக்கு மேலே தெரியும்படி கையை உயர்த்தி ஆட்டினார். கையை உயர்த்தி ஆட்டினால் கெட்டிமேளம் என்பதுதான் உலக வழக்கம். தவில்காரர் இன்னும் ஓங்கி அடித்தார். ஐயர் இன்னும் வேகமாக ஆட்டினார். இப்படி இருவரும் செத்த நேரம் ஒத்துழைத்தார்கள்.

தாலி அப்போது ஐந்தாவது வரிசையில் இருந்தது.

கல்யாணம் முடிந்தால் சனம் என்ன செய்யும்? பந்திக்கு எழுந்தது. அந்த வெள்ளத்தில் சிக்கி அத்தையும், தட்டோடு தாலியும், சாப்பாட்டுக் கூடத்து வாசல்வரை போய்விட்டார்கள். அம்மா, “ஏட்டி, தாலி! தாலி!” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள்.

இது எதுவும் தெரியாத நான், நிகழ்ச்சி நிரலுக்கு மாறாக மேளம் ஒலித்த கோபத்தில் வெளியே வந்தேன். “யாரு கெட்டிமேளம் கொட்டச் சொன்னது? டயம் ஆகலைன்னு எழுத்துலயே குடுத்திருக்கேன்லா?” என்று சத்தம் போட்டேன். கையில் டிரம்பெட்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். “ஏலே, ஊதுனது நீதானா? தாலி ஏறுமுன்ன அரிசி போட்ட கல்யாணத்த எங்கயாச்சும் பாத்திருக்கியா? சகுனத்தக் கெடுத்துட்டானே! எந்திரிடா மாப்ளே.”

மேளம் நின்றிருந்தது. செல்வி தலை நிமிர்ந்தாள். கூந்தலிலும் மடியிலும் அரிசி. எதிரே காலி நாற்காலிகள். அம்மா தட்டைப் பிடித்தபடி நடுக்கூடத்தில் நின்றாள், முன்னால் வருவதா வேண்டாமா என்று தெரியாமல். எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

மாப்பிள்ளை எழவில்லை. “மாமா, எனக்குக் கால் மரத்துப்போச்சு. எந்திரிச்சா மறுபடி உக்கார முடியாது. தாலியக் குடுக்கச் சொல்லுங்க” என்றார். அவர் அன்று சபையில் பேசியது அவ்வளவுதான்.

மாமன் இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு. “அந்தக் கொழாய எங்க காருல வையி. சாயந்தரம் எல்லாம் முடிஞ்ச பொறவு தாரோம்.”

தாலி ஏறும்போது சபையில் பாதிக்கு மேல் இலையில் இருந்தது. மிச்சமிருந்தவர்கள் கையில் அரிசி இல்லை. அத்தை கம்பளத்திலிருந்து இரண்டு கை அள்ளிக் கொடுத்தாள். கல்யாண ஆல்பத்தில் அட்சதை மழையாகப் பொழியும் படத்தில், மாப்பிள்ளை வெறுங்கையோடு அண்ணாந்து பார்க்கிறார். தாலி கட்டும் படத்தில் நாற்காலிகள்தான் அதிகம்.

மாமன் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது செல்வி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சாயந்தர வரவேற்பில் பேண்டு செட்டு சினிமாப் பாட்டுகளை வாசித்தது. காதர் இரண்டு முறை வந்து, “எப்ப சார் நம்ம பாட்டு?” என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை. காரில் செல்வியை ஏற்றியபோது, “வாரேன்ணே” என்றாள். அவள் கேசட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை என்பதை மறுநாள் அடுக்களை அலமாரியில் பார்த்தேன்.

எங்கள் சொந்தத்தில் இன்றும் மேளத்தை யாரும் நம்புவதில்லை. கெட்டிமேளம் முழங்கினாலும், “தாலியப் பாத்தியா?”, “பாத்தேன்”, “நல்லாப் பாத்தியா?” என்று விசாரணை முடிந்த பிறகுதான் அட்சதை விழும். முகூர்த்த நேரத்தில் என்னை முதல் வரிசையில், கை தெரியும்படி உட்காரவைப்பார்கள்.

பிறகு பந்தியில் செல்வி கதையை ஆரம்பிப்பாள். அவளைப் போல யாராலும் சொல்ல முடியாது. ஐயர் கை, தவில்காரர் தலை, மாமனின் மீசை எல்லாம் அவளே. என் இடம் வரும்போது கையைக் குழல் போலக் குவித்து, “பேஏஏஏன்!” என்பாள், மலையிறங்கும் லாரி மாதிரி. எல்லோரும் சிரிப்பார்கள். அவள் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நானும் சிரிப்பேன்.

அது ‘பேஏஏன்’ இல்லை. அன்றைக்கு ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை, எண்ணி நிறுத்த வேண்டிய இடத்தில் எண்ணி நிறுத்தியிருந்தேன், மேளம் வந்து மூடுவதற்கு முன்னால் இரண்டு முறை சரியாகவே வாசித்துவிட்டேன் என்று சொல்ல ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன். அதற்குள் யாராவது பாயசம் கேட்பார்கள். அவள் கேட்டிருந்த பாட்டுதான் அது என்று செல்விக்கு இன்றுவரை தெரியாது.