இரு பக்கமும் திறந்த கோட்டை

ஆரூர் வீதியில் அசைந்தாடித் தேரேறி வரும் பெருமான் திருவடிக்கு முதல் வணக்கம். இன்று வளர்பிறைப் பிரதோஷம். இத்தகைய நன்னாளில் அந்த மனிதர் நினைவுக்கு வந்தாரே என்று எனக்குக் கோபம்தான்.

கல்லணையிலிருந்து கடல்வரை சல்லடையிட்டுத் தேடினாலும் கோட்டை வண்டிக்காரரைப் போல் அடங்காத ஆள் அகப்படமாட்டார். அவர் பெயரை ஒருவரும் அறியார். ஆட்சி மாறி, மேடைதோறும் அரசர்களைக் கிழித்துப் பேசிய அந்நாளில், அவர் மட்டும் விழித்தது முதல் உறங்குவது வரை தகர மகுடத்தோடு அரசராகவே வாழ்ந்தார். ஊர் ஊராய் ராஜா நாடகம் போடும் அவருடைய மாட்டு வண்டியின் பலகைகளை விரித்தால் எங்கும் இல்லாத ஒரு நகரம் எழும்: மஞ்சள் மதில், கிளிப்பச்சைக் கோபுரம், பட்டப்பகலில் நீல நிலவு. அந்நகரின் குடிமக்கள் அவரும் அவர் மனைவியும். படை, இரண்டு மாடுகள்.

கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கோயிலில் நான் ஓதுவாராக இருந்தேன். எங்கள் ஊருக்கு வந்த அன்றே அவர் மகுடத்தோடு கொடிமரம்வரை வந்துவிட்டார். கழற்றச் சொன்னேன்.

"ஒரு ராஜாவைப் பாக்க இன்னொரு ராஜா வர்றப்ப கழட்டுவாங்களா, அமைச்சரே?"

என்னை அமைச்சராக்க இவர் யார்? அதோடு விட்டாரா? "உங்க ராஜா தேரு நாலு வீதியோட நின்னுடுது. என் கோட்டை எந்தத் தெருவுக்கும் போவும்" என்றார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது ஊரில் கூலித் தகராறு. கதிர் முற்றித் தலைசாய்ந்தும் வயலில் ஓர் அரிவாள் இறங்கவில்லை. மேலத்தெருவில் மிராசுதார், கீழத்தெருவில் வயலில் உழைப்பவர்கள், அவர்களுடைய சங்கத் தலைவர் காத்தமுத்து. இடையிலிருந்த திடலில் கோட்டை வண்டி வந்து நின்றது.

"எங்க தெருவைப் பாத்துத்தான் தொறக்கணும்" என்றார் மிராசுதார்.

"அங்க பாத்துத் தொறந்தா வாய்க்கால்ல கவுத்துடுவோம்" என்றார் காத்தமுத்து.

"இங்க தொறக்கலேன்னா நாங்க கவுத்துடுவோம்!"

அந்த வண்டிதான் வண்டிக்காரருக்கும் மனைவிக்கும் வீடு, அதுவே பிழைப்பு. மனைவி கண் கலங்கி, "கிளம்பிடலாங்க" என்றார். "ராஜா பின்வாசல் வழியா ஓடுவானா?" என்றார் இந்தப் பிடிவாதக்காரர்.

அந்தி சாய்ந்ததும் இரு பக்கமும் திறந்தார்! நாடகத்தில் வரும் கேள்வியை மேலத்தெருவைப் பார்த்துக் கேட்டார். திரும்பி நின்று பதிலைக் கீழத்தெருவைப் பார்த்துச் சொன்னார். ஒரு பக்கம் பேசியது மறுபக்கம் கேட்காதபடி அரசியார் ஆர்மோனியத்தை முழங்கவிட்டார்.

கீழத்தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மிராசுதார் முகம் கறுத்தது. "ஓதுவாரய்யா, அங்க என்னையப் பத்தியா சொல்றான்? போய்க் கேட்டுட்டு வாங்க."

இரு தெருவுக்கும் பொதுவான ஆள் நான் ஒருவன். ஓடினேன். அங்கே காத்தமுத்து என்னை மறித்தார். "கேள்வி என்னங்கய்யா? எங்களைத் திருடன்னா கேட்டாரு?"

"இல்லைப்பா. மகுடத்தைத் திருடியவன் யாரென்று கேட்டார்."

"அதுக்குத்தான் 'உங்க தலையில இருக்கு, தடவிப் பாருங்க'ன்னாரா!" என்று மறுபடி சிரித்தார்.

அதை மிராசுதாரிடம் சொல்வதற்குள் அடுத்த கேள்வி, மறுபடி ஓட்டம். ஈசனை மட்டுமே வலம் வந்த என் கால்கள் ஒரு மாட்டு வண்டியை வலம் வந்தன! இந்த அநியாயத்தை யாரிடம் முறையிடுவது? போதாக்குறைக்கு, "அமைச்சரே, மெல்லப் போங்க, வேட்டி தடுக்கும்" என்று மேலிருந்து அரச கட்டளை வேறு.

கடைசியில் மிராசுதார் துண்டை உதறி எழுந்தார். "நானே பாத்துக்கிறேன்." எதிர்த்திசையிலிருந்து காத்தமுத்தும் வந்தார். மாடுகள் கட்டியிருந்த பக்கவாட்டில் நின்றால் கேள்வியும் பதிலும் சேர்ந்தே கேட்டன. ஊரே அங்கே திரண்டு தோளோடு தோள் நெருக்கி நின்றது. அரசரோ இருபுறமும் வெறும் திடலைப் பார்த்துக் கர்ஜித்துக்கொண்டிருந்தார்.

கூலி அன்று தீர்ந்துவிடவில்லை, பிறகும் மல்லுக்கட்டினார்கள். ஆனால் மறுநாள் சேற்றில் சிக்கிய வண்டியை, கவிழ்க்கிறோம் என்றவர்களே தள்ளிவிட்டார்கள்.

"இந்தப் பக்கம் நல்லா தள்ளுங்க காத்தமுத்து!"

"நாங்க தள்ளுறோம், நீங்க மொதல்ல கையை வைங்க!"

அரசர் இறங்கித் தள்ளவில்லை. கையசைத்தபடி போனார். என்ன திமிர்!

இன்றும் பிராகாரம் வலம் வருகையில், மேற்கே திரும்பும் இடத்தில், "அமைச்சரே" என்று யாராவது அழைக்கிறார்களா என என் கால்கள் சற்றே நிற்கின்றன. அபசாரம்தான், பெருமான் பொறுத்தருள்வார்.

இதைப் படித்த அனைவர் களத்திலும் நெல் குவியட்டும். வீட்டில் சிரிப்பு நிறையட்டும்.